கல்லும் ஏடும்: படச்சுருளிலிருந்து எண்ணியல் கேமராவுக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கேமராவுக்கு என்ன வேலை என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழக்கூடும். விழா மலர் ஒன்றைக் கையில் எடுப்போர் எப்பக்கத்தை முதலில் திருப்புகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். முதலில் நிழற்படங்களைத்தான் தேடுகின்றனர். யார் யார் வந்திருந்தனர், யார் எங்கே நின்றனர், இன்று இல்லாதவர் யார் என்று பார்த்த பிறகே கட்டுரைகளுக்கு வருகின்றனர். நினைவைக் காப்பதே இலக்கியத்தின் தொழில் என்றால், நிழற்படம் அத்தொழிலில் அதன் இளைய உடன்பிறப்பு.

அவ்விளைய உடன்பிறப்பின் வாழ்வில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்து முடிந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கண்ணாடியிலும் தாளிலும் படச்சுருளிலும் பதிந்துவந்த உருவம், இன்று எண்களாகப் பதிகிறது. இது கருவி மாற்றம் மட்டுமன்று; நினைவைக் காக்கும் கடமை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய மாற்றம். அக்கடமை யாருடையது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. நிழற்படம், ஒளிப்படம் என்பன நூல் வழக்கு. கேமரா, நெகட்டிவ், ஸ்டூடியோ ஆகியவை பாமரரும் புலவரும் ஒருங்கே வழங்குபவை ஆதலின், அவ்வாறே இங்கு ஆளப்படுகின்றன. டிஜிட்டல் என்பதற்கு எண்ணியல் என்னும் சொல் பொருத்தமாக அமைகிறது. அக்கருவி ஒளியை எண்களாக்கியே சேமிக்கிறது.

நடுகல் நாடு

தொப்பூர், தருமபுரி மாவட்டத்தின் தென்வாயில். பெங்களூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியின் மேட்டுநிலத்தை விட்டு இறங்குவது இக்கணவாயின் வழியேதான். இவ்வாயிலுக்கு வடக்கே விரிவது பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு. ஔவையார் பாடிய நாடு.

இந்நாட்டின் தனிச்சிறப்பு நடுகற்கள். ஆநிரை மீட்கும் தொறுப் பூசலில் உயிர்நீத்த வீரனுக்கு ஊரார் கல் நட்டனர். வில்லேந்திய அவன் உருவத்தைக் கல்லில் செதுக்கினர். அத்தோடு நில்லாமல் எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டில், எந்த ஊரில், எந்தப் பூசலில், யார் மகன் பட்டான் என்பதையும் வட்டெழுத்தில் பொறித்தனர். 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமியின் தலைமையில் இவற்றைத் தேடித் தொகுத்தது. 'செங்கம் நடுகற்கள்' 1972இலும், 'தருமபுரிக் கல்வெட்டுகள்' 1975இலும் வெளிவந்தன.

அரசனுக்குக் கோயில் இருந்தது. புலவனுக்குப் பாட்டு இருந்தது. ஊர்க்காவலில் இறந்த எளிய வீரனுக்கு இருந்தது இக்கல் ஒன்றே. உருவமும் பெயரும் சேர்ந்து நிற்பதே அக்கல்லின் வலிமை. எழுத்துச் சிதைந்த கற்களை மக்கள் இன்று வேடியப்பன் என்று பொதுப்பெயரால் வழிபடுகின்றனர். தெய்வமாகிவிட்டான், ஆனால் அவன் இன்னான் என்பது மறைந்துவிட்டது. உருவம் மட்டும் எஞ்சிப் பெயர் அழிந்தால் நினைவு பாதியாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

வீட்டுக் கூடத்தில் மாலையிட்டுப் பொட்டு வைத்து மாட்டியிருக்கும் தாத்தாவின் படம், இந்நடுகல்லின் வழித்தோன்றலே ஆகும்.

முதற் கேமராக்கள்

1839இல் பாரிசு நகரில் தாகர் என்பாரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அக்கலை சேலம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. 1856இல் சென்னையில் நிழற்படச் சங்கம் தோன்றியது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தில் பயணம் செய்தார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, 'இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்' பற்றியது. இராயக்கோட்டை இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. தருமபுரியும் கிருட்டிணகிரியும் அன்று சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன.

டிரைப்பின் நெகட்டிவ், மெழுகூட்டிய தாள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல்வெட்டைக் கேமராவால் படியெடுக்கலாம் என்று தமிழகத்தில் காட்டிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அக்காலத்து நெகட்டிவ் வானத்தின் நிறத்தைச் சரியாகப் பதியாது. வெளிறிய வெற்றிடமே கிடைக்கும். எனவே டிரைப் நெகட்டிவின்மீது வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். படத்தைத் திருத்துதல் கணிப்பொறி கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணுவோர், 1858ஆம் ஆண்டின் அம்மேகங்களை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சுருளின் காலம்

இருபதாம் நூற்றாண்டு படச்சுருளின் நூற்றாண்டு. ஒளி ஊடுருவும் நாடா ஒன்றின்மீது ஜெலட்டினும் வெள்ளி உப்பின் நுண்படிகங்களும் கலந்த பூச்சு இருக்கும். ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் ஏற்படும். இருட்டறையில் டெவலப்பர் கரைசலில் நனைத்தவுடன் அவை கரிய வெள்ளித் துகள்களாகும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைசல் நீக்கிவிடும். பின்னர் ஓடும் நீரில் நெடுநேரம் அலசுவர். இம்முழு வேலையையும் 'ரோல் கழுவுதல்' என்று மக்கள் ஒரே சொல்லில் அடக்கினர். நடுகல்லுக்கும் நீராட்டுதல் ஒரு சடங்காக இருந்தது. தொல்காப்பியம் அதனை நீர்ப்படை என்னும். நினைவுக்குரிய உருவம் நீரிலிருந்து எழுகிறது என்னும் ஒற்றுமை எண்ணி மகிழத்தக்கது.

சுருளின் முதல் இலக்கணம் சிக்கனம். பெரிய சுருளில் 12 சதுரப் படங்கள்; சிறிய சுருளில் 36. திருமண வீட்டில் எத்தனை படம் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி முடிப்பர். விரலை அழுத்துமுன் கேமராக்காரர் ஒளியைப் பார்ப்பார். முகவாயைச் சற்று உயர்த்தச் சொல்வார். பின்வரிசையில் மறைந்து நிற்கும் சிறுவனை முன்னுக்கு அழைப்பார். எல்லாரும் மூச்சை அடக்கி நிற்பர். வந்த படம் எப்படி என்பது சுருளைக் கழுவிய பிறகே தெரியும். காத்திருத்தலும் அக்கலையின் ஒரு பகுதியாக இருந்தது.

இச்சிக்கனத்துக்கு ஒரு கொடிய மறுபக்கமும் உண்டு. சிற்றூர்களில் வாழ்நாள் முழுதும் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமல் மறைந்தோர் மிகப்பலர். பள்ளிக்கூடக் குழுப்படம், பெண் பார்ப்பதற்கென ஸ்டூடியோவில் எடுத்த படம், மணக்கோலப் படம் என்று மூன்று நான்கு படங்களில் ஒரு பெண்ணின் வாழ்வு அடங்கிவிடும். அவையும் இல்லாத முதியவர் இறந்தபின், உடலை நாற்காலியில் அமர்த்திப் படமெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. வாழ்ந்தபோது கிடைக்காத படம் இறந்தபின் கிடைத்தது. 1993இல் தேர்தல் ஆணையம் படத்துடன் கூடிய வாக்காளர் அடையாள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியபோது, எத்தனையோ பாட்டிமார் முதன்முறையாகக் கேமராவின் முன் அமர்ந்தனர். அவ்வட்டையின் சிறு முகத்தையே பின்னர் ஸ்டூடியோக்கள் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுத்தன.

சுருளின் வரலாற்றில் தமிழகத்துக்குத் தனி இடமும் உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் நடுவண் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசற்ற, குளிர்ந்த மலைக்காற்று அத்தொழிலுக்கு ஏற்றதாயிருந்தது. 'இந்து' என்னும் வணிகப் பெயருடன் கறுப்பு வெள்ளைச் சுருளும், அச்சுத்தாளும், எக்ஸ்ரே பிலிமும், திரைப்படச் சுருளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. பூச்சு வேலை செய்த தொழிலாளர் தம் வேலை நேரத்தை இருளிலேயே கழித்தனர். நாட்டின் ஒளிப்பதிவுக்கு இருளில் உழைத்தோர் அவர்கள்.

ஆயின் அந்நிறுவனத்தை வீழ்த்தியது எண்ணியல் கேமரா என்று சொல்லிவிட இயலாது. வண்ணப் படச்சுருள் சந்தையில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1991க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. கடன் சுமை பெருகியது. 1990களின் நடுவிலேயே அது நலிவுற்ற நிறுவனமாகிவிட்டது. எண்ணியல் கேமரா மக்கள் கைக்கு வந்தபோது, மீண்டெழும் வாய்ப்பும் மறைந்தது. தொழிலாளர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். இருண்ட கூடங்கள் உண்மையாகவே இருண்டன.

எண்கள் வந்த கதை

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் சுமித் என்னும் இருவர், ஒளியை மின்னேற்றமாக்கிப் படிக்கும் சில்லு ஒன்றை உருவாக்கினர். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு சுருளில்லாக் கேமராவைச் செய்தார். எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. படத்தின் புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு படம் ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின. சுருள் விற்று வாழ்ந்த கோடாக், சுருளை ஒழிக்கும் கருவியைத் தன் வீட்டிலேயே பெற்றெடுத்தது. அதனை வளர்க்கத் தயங்கிய அந்நிறுவனம் 2012 ஜனவரியில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது.

தமிழ்த் திரையுலகமும் இம்மாற்றத்தை விரைந்து சோதித்தது. பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004இலும், கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005இலும் எண்ணியல் கேமராவால் எடுக்கப்பட்டு வெளிவந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் சுருளில் படமெடுத்தல் அருகிப்போயிற்று. கைப்பேசிக்குள் கேமரா புகுந்தபின் சிற்றூர்களிலும் அதே நிலை.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறுப்பது அறமாகாது. கூலி வேலைக்குச் செல்லும் தாய் தன் குழந்தையின் முதல் சிரிப்பைத் தானே படமெடுக்கிறாள். ஒருகாலத்தில் ஜமீன் வீட்டுக்கு மட்டுமே உரியதாயிருந்த வசதி அது. பெண்கள் கேமராவின் முன் நிற்பவராக மட்டுமன்றிப் பின் நிற்பவராகவும் ஆயினர். கிராமக் கோயில் கல்வெட்டைக் காணும் மாணவன் அப்பொழுதே படமெடுத்து ஆய்வாளருக்கு அனுப்புகிறான். நடுகல் தேடும் ஆர்வலர்க்கு இதைவிடப் பெருந்துணை வேறில்லை. சுருள் காலமே பொற்காலம் என்று புலம்புவோர், படமில்லாமல் மறைந்த பாட்டிமாரை மறந்து பேசுகின்றனர்.

சுருள் நிலைத்தது, எண் அழிகிறது என்னும் எளிய வாய்பாடும் சரியன்று. தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசக வதம்', 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' ஆகியவற்றின் பிரதிகள் இன்று இல்லை. பழைய நைட்ரேட்டுச் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்வந்த அசிட்டேட்டுச் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளிக்காடியின் நெடி வீசும். ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய பொருள் கடைக்குச் சென்றன; பூச்சைச் சுரண்டி எறிந்து கண்ணாடியைப் படச்சட்டத்துக்குப் பயன்படுத்தினர். சுருள்கள் வெள்ளி பிரிப்போரிடம் சென்றன. ஓர் ஊரின் ஐம்பது ஆண்டு முகங்கள் எடைக்கு விலைபோயின.

கல்லும் ஏடும்

அப்படியாயின் இருவகைக் கேமராவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு யாது? தமிழர்க்கு அதனை விளக்கத் தொலைவிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை. சுருள், கல் போன்றது. எண், ஏடு போன்றது.

கல்லை வெட்டியபின் காக்கும் வேலை குறைவு. யாரும் உடைக்காமலும் பெயர்க்காமலும் விட்டுவிட்டால் அது நிற்கும். நடுகல் ஆயிரம் ஆண்டு புதரில் கிடந்தது, யாரும் அதனைப் பேணவில்லை, ஆயினும் அகப்பட்டது. கறுப்பு வெள்ளை நெகட்டிவும் இத்தகையதே. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் தாளுறையில் இட்டு மறந்துவிட்டாலும் பேரன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இயலும். கருவி எதுவும் வேண்டா, கண் போதும். மறதியைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு.

ஏட்டுக்கு அவ்வலிமை இல்லை. பனையோலை சில நூற்றாண்டுகளில் நைந்துவிடும், செல்லரிக்கும், முறியும். அது நிலைபெற வேண்டுமாயின் ஒவ்வொரு தலைமுறையும் புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். எழுதினால் வாழும், ஒரு தலைமுறை சோம்பினால் மாளும். சங்க நூல்கள் கிடைத்தமைக்குக் காரணம் ஓலையின் வலிமை அன்று. பெயரறியா ஏடெழுதுவோரின் உழைப்பே. அவர்கள் கைசோர்ந்த இடத்தில் இழப்பு நேர்ந்தது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையருக்கு, அவை தீயிலிடப்பட்டன என்னும் செய்தியே கிடைத்தது.

இந்த மாவட்டத்தின் இழப்பும் அவற்றுள் ஒன்று. அதியமானுக்கும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நிகழ்ந்த தகடூர்ப் போரைப் பாடியது 'தகடூர் யாத்திரை' என்னும் நூல். அது முழுமையாக இன்று இல்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும், பழைய உரைகளிலும் சிதறிக் கிடக்கும் சில செய்யுட்களே எஞ்சின. பகைவர் யாரும் அதனை அழித்ததாகச் செய்தி இல்லை. படியெடுப்பார் இல்லாமற் போயினர்; அவ்வளவே. எஞ்சிய செய்யுட்களும், யாரோ ஒருவர் தாம் விரும்பியவற்றைத் தேர்ந்து வேறோர் ஏட்டில் எழுதி வைத்தமையால் பிழைத்தன.

எண்ணியல் படமும் ஏட்டின் இயல்பினதே. சில்லில் விழும் ஒளி புள்ளி புள்ளியாக அளக்கப்பட்டு எண்வரிசையாகிறது. அவ்வெண்வரிசையைக் கண்ணால் காண இயலாது; படிக்கும் கருவியும் அதன் மொழியறிந்த மென்பொருளும் வேண்டும். நெகிழ்வட்டில் இட்ட படத்தைத் திறக்க இன்று எத்தனை வீடுகளில் கருவி உண்டு? குறுந்தகடும் அந்நிலையை எய்திவருகிறது. வன்தட்டு ஒருநாள் சுழலாது நின்றுவிடும். கைப்பேசி பேருந்தில் தொலையும், கிணற்றில் விழும், கடவுச்சொல்லைத் தெரிவிக்காமலே உரியவர் மறைவார். யாரும் தீயிடவில்லை, ஆற்றில் எறியவில்லை. எனினும் படங்கள் போய்விடும். மறதியைத் தாங்கும் வலிமை எண்ணுக்கு இல்லை.

இங்கேதான் கடமை கைமாறுகிறது. சுருள் காலத்தில் குடும்பத்தின் நினைவை ஸ்டூடியோக்காரர் காத்தார். வீட்டில் படம் தொலைந்தால், எண்ணைச் சொல்லி நெகட்டிவிலிருந்து மறுபடி பெறலாம். இன்று அப்பெட்டி இல்லை. படமெடுப்பவரே ஏட்டின் உடையவர். அவரே பெயர்த்தெழுத வேண்டியவர். ஒவ்வொரு வீடும் ஏட்டுச் சுவடிச் சாலையாகிவிட்டது; ஆனால் பெயர்த்தெழுதும் பழக்கம் வீடுகளுக்கு வரவில்லை.

பாடவேறுபாடு

ஏட்டை விட எண் உயர்ந்து நிற்கும் இடமும் ஒன்றுண்டு. கையால் பெயர்த்தெழுதும்போது பிழை புகும், பாடவேறுபாடு தோன்றும். எண்களைப் படியெடுக்கும்போது மூலத்துக்கும் படிக்கும் அணுவளவும் வேறுபாடு இராது. நூறாவது படியும் மூலமே.

ஆயின் அது முறையாகப் படியெடுத்தால் மட்டுமே. கைப்பேசிச் செய்தி வழியே படத்தை அனுப்புவோர் பலர், அதுவே சேமிப்பு என்று நம்புகின்றனர். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழக்கமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன, நுண்விவரங்கள் குறைந்துவிடும். எடுத்த நாளும் நேரமும் பற்றிய குறிப்பும் பெரும்பாலும் நீங்கிவிடும். கை மாறும்தோறும் படம் தேய்கிறது. அவசரக்கார ஏடெழுதுவோன் ஒருவன் ஒவ்வொரு கைப்பேசியிலும் குடியிருக்கிறான். படத்தைக் கோப்பாக அனுப்பினால் இக்குறை நேராது என்பதை இளைஞர் தம் பெற்றோர்க்குக் கற்பித்தல் வேண்டும்.

வேண்டுமென்றே செய்யும் இடைச்செருகல் வேறு. முன்பும் ஸ்டூடியோவில் பென்சிலால் நெகட்டிவைத் தொட்டு முகச்சுருக்கத்தை நீக்கினர். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டினர். இன்று கணிப்பொறியில் முன்னரே மறைந்த கணவரையும் பின்னர் மறைந்த மனைவியையும் அருகருகே அமர்த்தி ஒரே படமாக்கித் தருகின்றனர். சேர்ந்து நின்று படமெடுக்க வாய்ப்பில்லாத ஏழைத் தம்பதியர்க்கு மக்கள் செய்யும் அன்புக்கடன் அது. அதனைப் பொய் என்று இகழ்தல் தகாது. ஆயின் அது சேர்த்து ஆக்கிய படம் என்று பின்புறம் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பதிப்பாசிரியர் தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் சொல்வதைப் போன்ற நேர்மை இது.

படத்தின் மெய்ம்மை உயிர்ப்பிரச்சினையாகும் இடமும் தொப்பூருக்கு அண்மையிலேயே உள்ளது. இக்கணவாயின் இறக்கம் சாலை விபத்துகளுக்குப் பெயர் பெற்றுவிட்டமை துயரந்தரும் உண்மை. விபத்து வழக்கில் படம் சான்றாகும். இழப்பீடு அதனைச் சார்ந்தும் அமையலாம். முன்பு படத்தோடு நெகட்டிவையும் நீதிமன்றத்தில் காட்டுவர். நெகட்டிவே மூல ஓலை. எண்ணியல் படத்துக்கு அத்தகைய மூலம் இல்லை. ஆகவே 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியே சாட்சியச் சட்டத்தில் 65-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மின்பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்ணையும் அதில் குறிக்கச் சொல்கிறது. பாடவேறுபாட்டை அஞ்சிய பதிப்பாசிரியரின் கவலை, இன்று சட்டத்தின் கவலையும் ஆகிவிட்டது.

செய்யத்தக்கன

நோயைச் சொல்லி மருந்தைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. வழிகாட்டிகள் தமிழகத்திலேயே உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயின; அவை நுண்படச் சுருளில் பதியப்பெற்றன; பின்னர் எண்ணியல் படிகளுமாயின. கல், ஏடு ஆகிய இரண்டின் வலிமையையும் ஒருங்கே கொள்ளும் அறிவார்ந்த முறை அது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று அவற்றின் படங்களையும் நெகட்டிவ்களையும் எண்ணியல் படிகளாக்கியது.

இவ்வழியில் எளிய குடும்பமும் ஊர் அமைப்பும் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, தேர்தல். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் படம் குவியும் வீட்டில் எந்தப் படமும் பார்க்கப்படுவதில்லை. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் தொகுப்பாரின் தேர்வால் வாழ்ந்தவை. ஆண்டு முடிவில் குடும்பத்தார் கூடி அமர்ந்து 36 படங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு சுருள் என்று அதற்குப் பெயரிடலாம்.

இரண்டாவது, அச்சிடுதல். தேர்ந்த படங்களை நல்ல கூடத்தில் தாளில் அச்சிட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். அது கல் நடும் செயல்.

மூன்றாவது, பெயர் பொறித்தல். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலாலோ, ஆல்பத்தில் படத்தின் கீழே மையாலோ, யார், யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டு என எழுத வேண்டும். பாட்டி உயிரோடிருக்கும்போதே பழைய படங்களை அவர் மடியில் வைத்துக் கேட்டு எழுத வேண்டும். இல்லையேல் அப்படங்களில் இருப்போர் யாவரும் மூன்றாம் தலைமுறையில் வேடியப்பன்களாகிவிடுவர்.

நான்காவது, பெயர்த்தெழுதுதல். எண்ணியல் கோப்புகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், அவற்றுள் ஒன்று வேறு வீட்டிலோ வெளியூரிலோ இருக்குமாறு, சேமிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்ற வேண்டும். ஆடிப்பெருக்கு நாளையே அதற்குரிய நாளாகக் கொள்ளலாம். பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட நாளெனச் சொல்லப்படும் அந்நாள், புதிய ஏடு எழுதும் நாளாக மாறட்டும்.

இலக்கிய வட்டங்களுக்கு இவற்றோடு கூடுதல் பொறுப்பு ஒன்றுண்டு. மூடப்பட்ட, மூடப்படவுள்ள ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகள் சிற்றூர்ப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அவை பழைய பொருள் கடைக்குச் செல்லுமுன் உரியவரிடம் பேசி, படங்களில் உள்ளோரின் குடும்பங்களுடைய இசைவையும் மதித்து, நூலகத்திலோ கல்லூரியிலோ சேர்ப்பிக்க வேண்டும். உ. வே. சா. ஊர் ஊராகச் சென்று தேடியது ஏடுகளை. இன்று தேட வேண்டியவை இப்பெட்டிகள். அவருக்கு வாய்த்த காலத்தைவிட இதற்குள்ள காலம் குறுகியது.

நிறைவு

எந்த இலக்கிய வட்டமும் தன் முதலாண்டு விழாவின் படங்களை இன்று தேடிப் பார்க்கலாம். பத்தாண்டு என்பது நூலுக்குச் சிறுகாலம். கைப்பேசிக்கு அது மூன்று பிறவி. கிடைக்கும் படங்கள் எத்தனை, அவற்றுள் பெயர் தெரிந்த முகங்கள் எத்தனை என்று எண்ணினாலே இவ்வுரையின் பொருள் விளங்கும். பத்தாண்டிலேயே இந்நிலை என்றால் நூறாண்டுக்கு என்ன எஞ்சும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சுருளுக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று இதன் கருத்து. ஏட்டைக் கைவிட்டுக் கல்லுக்குத் திரும்பியவர் அல்லர் தமிழர். ஏட்டிலும் எழுதினர், கல்லிலும் வெட்டினர், மனத்திலும் பாடம் செய்தனர். எண்ணியல் கேமராவை எடுத்த கை, ஏடெழுதிய கையின் பொறுமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே வேண்டுகோள்.

தகடூர்ப் போரைப் பாடிய நூலை இந்த மாவட்டம் இழந்தது. அடுத்த இழப்பு, வாழ்ந்த மக்களின் முகங்களாக இராதவாறு காப்பது இத்தலைமுறையின் கையில் உள்ளது.